இரண்டாம் வார்த்தை

மார்ச் 6, சாம்பல் புதன்

இன்று நான் ஐயரிடம் சொல்லாதது: திரும்பி வந்திருக்கிறவருடைய முகம்தான் எனக்கு ஞாபகம் இல்லை, குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். மாலை ஆராதனை முடிந்ததும் அம்மாவையும் என்னையும் கோவிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்குள் அழைத்து, மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ஞானசிகாமணி திரும்பி வந்திருக்கிறார். என் அப்பா. திங்கட்கிழமையிலிருந்து ஐயர் வீட்டு அவுட்ஹவுஸில் தங்கியிருக்கிறார். சூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரட்சிக்கப்பட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் சாட்சி சொல்லப்போகிறார்.

அவர் போனபோது எனக்கு எட்டு வயது. இப்போது இருபத்தைந்து.

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "சாப்பிட்டாச்சா அவுக?"

ஐயருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் கிறிஸ்தவ மன்னிப்பு என்று நினைத்துவிட்டார் போல. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் அம்மா இதைத்தான் கேட்பாள். அதையும் நான் சொல்லவில்லை.

மார்ச் 8

போர்டிங்கில் இன்று கருவாட்டுக் குழம்பு. எங்கள் திருச்சபை வட்டாரமான சேகரம் நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதிக்கு அம்மாதான் சமையல். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் போய் அவளோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

திருவிருந்தின் அப்பமும் ரசமுமான நற்கருணையை அம்மா எடுப்பதில்லை. எல்லாரும் எழுந்து பலிபீடத்துக்குப் போகும்போது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதில் ஒருத்தி என்னிடம், உங்கம்மா என்ன பாவம் பண்ணினாங்க, சபைக் கமிட்டி தள்ளி வச்சிருக்காமே என்று கேட்டாள். ஊரில் பாதிப் பேர் இன்னமும் அப்படித்தான் நம்புகிறார்கள். யாரும் தள்ளி வைக்கவில்லை. திருவிருந்துக்கு முன்னால், மற்றவர்களோடு சமாதானமாக இருக்கிறவர்கள் மட்டும் வரலாம் என்ற பொருளில் ஐயர் ஓர் அழைப்பு வாசிப்பார். மற்றவர்களுக்கு அது எழுந்து நிற்பதற்கான சைகை. அம்மாவுக்கு அது கேள்வி. இல்லை என்பது பதிலாக இருந்தால் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் பலிபீடத்தண்டை மண்டியிடும் ஒவ்வொரு முறையும் திரும்பி அவளைப் பார்ப்பேன். அவள் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருப்பாள்.

படித்த புத்தகங்களில் எத்தனையோ விசுவாசிகளைப் பார்த்துவிட்டேன். ஒரு வாக்கியத்தை இவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டவர் யாருமில்லை.

மார்ச் 10, ஞாயிறு

வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாதது. இடது காலில் கட்டு, ரப்பர் செருப்பு. சர்க்கரைப் புண் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நெற்றி ஏறிவிட்டது. குரல் அதேதான்.

நன்றாகப் பேசினார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று தெரிந்தவர். குடியைச் சொன்னார். சூரத்தில் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்ததைச் சொன்னார். பாவம் பெரிதாகப் பெரிதாக, கேட்பவர்களுக்குக் கிருபையும் பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு ஆசீருக்கு வந்தார். என் தம்பி. அவர் போன மறு வருஷம் காய்ச்சலில் போனவன்.

"எம் மவன் செத்துட்டான்னு போன் வருது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா சபையே? பிராந்திக் கடைக்குப் போனேன்."

பெண்கள் பக்கமிருந்து ஸ்தோத்திரம் என்றார்கள். அந்தப் போன் வருமுன் தன் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் ஓடியிருப்பாள் என்றார். நாக்கு உலர்ந்து, செருப்பில்லாமல் ஓடியிருப்பாள் என்றார்.

அம்மா ஓடவில்லை. ஆட்டோவில் போனோம். செருப்பு போட்டிருந்தாள். நானும் கூட இருந்தேன்.

ஆராதனைக்குப் பின் அவருக்குக் கைகொடுக்க வரிசை நின்றது. பெண்கள் ஐக்கியத் தலைவி லீலாவதி டீச்சர் அம்மாவைக் கட்டிப்பிடித்து, உன் ஜெபம் கேக்கப்பட்டுட்டு மனோரஞ்சிதம் என்று அழுதார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்:

"நான் அப்பிடி ஒரு ஜெபமும் பண்ணலியே."

மார்ச் 11

பூண்டு உரித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 15

வீட்டுக்கு வந்தார். ஐயர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, குடும்பம் தனியாகப் பேசட்டும் என்று போய்விட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், காபி போட்டாள், சுவரோரம் நின்றாள்.

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "கர்த்தர் என்னை மன்னிச்சிட்டார் ரஞ்சிதம்" என்றார். தீர்ப்பு வேறோர் ஊரில் முடிந்துவிட்டதைச் சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு நெடுநேரம் ஜெபம் பண்ணினார். ஜெபத்தில் இந்த வீடு வந்தது, வீட்டின் ஓடு வந்தது, தலைமுறைகள் வந்தன. ஓடுகளை மாற்றியவள் அம்மா. அந்த வருஷம் அவள் போர்டிங் வேலைக்கு மேல் கல்யாண வீடுகளுக்கும் சமைக்கப் போனாள்.

என் அலமாரிக்கு முன்னால் நின்று புத்தகங்களின் முதுகைப் பார்த்தார். ஒன்றைப் பாதி இழுத்தார். திரும்ப உள்ளே தள்ளினார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "தூசி" என்றார்.

போன பிறகும் அறையில் புண்வாடை இருந்தது. அம்மா ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்.

மார்ச் 17, ஞாயிறு

ஐயரும் லீலாவதி டீச்சரும் வந்தார்கள். அவுட்ஹவுஸ் நிரந்தர இடம் அல்ல. வீடு அவர் பெயரில் இருக்கிறது. காலில் புண். ஈஸ்டருக்குள் அவர் தன் வீட்டில், தன் மனைவி கையால் சாப்பிட்டால் சபையின் விசுவாசத்துக்கே எழுப்புதலாக இருக்கும். இதையெல்லாம் ஐயர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கதை நன்றாக முடிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தாள். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ ராப்பகலா பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுத, யாரு இல்லேங்கா. ஆனா கிரியையினால ஒருத்தரும் நீதிமான் ஆயிர முடியாது, மனோரஞ்சிதம்."

"நீதிமான் ஆகணும்னு நான் சமைக்கல டீச்சர். பிள்ளைகளுக்குப் பசிக்கும்லா."

ஐயர் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வேதத்தில் இந்த வழக்கு தீரவே இல்லை. விசுவாசம் இருந்தால் போதும் என்று அப்போஸ்தலர் கடிதங்களில் ஒரு நிருபம் சொல்கிறது. கிரியை, அதாவது செயல், இல்லாத விசுவாசம் பிணம் என்று இன்னொரு நிருபம் சொல்கிறது. இரண்டையும் ஒரே அட்டைக்குள் தைத்து வைத்திருக்கிறோம். எனக்குப் புரியாதது வேறு: இரண்டாவதைப் படிக்கும்போது மட்டும் ஏன் எல்லாரும் அம்மாவை நினைக்காமல் தங்களை நினைத்துக்கொள்கிறார்கள்?

கிளம்பும்போது ஐயர் என்னிடம், பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் ஒரு வார்த்தை பேசுகிறாயா என்று கேட்டார். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவது வழக்கம். எனக்கு இரண்டாம் வார்த்தை: பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைக்கும் என்று சொன்னது. இளம்பெண்கள் யாரும் இதுவரை பேசியதில்லையாம்.

சரி என்றேன். சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மார்ச் 23

அம்மா முடிவு செய்துவிட்டாள். வீட்டை அவருக்கே விட்டுவிடுவது. போர்டிங் சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு போடும் அறை காலியாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே போவது.

நான் கத்தினேன். பதினேழு வருஷம் நீ கட்டிக் காப்பாற்றிய வீடு என்றேன். அவள் அரிசியில் கல் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"நோயாளி மனுசன், எங்க போவாரு."

"அப்போ சேந்து இருக்க வேண்டியதுதானே? ஊரும் அதைத்தானே கேக்குது?"

"அது என்னால ஆகாதுட்டி. ஆகும்னு சொன்னா பொய்."

மாலையில் ஐயர் வீட்டு அவுட்ஹவுஸுக்குப் போய் வாசலில் நின்றபடியே அவரிடம் சொன்னாள். நான் கேட்டின் அருகில் நின்றிருந்தேன். அவள் குரல் கோபமாகக்கூட இல்லை.

"வீட்ல நீங்க இருந்துக்கிடுங்க. சோறு வரும். நான் வர மாட்டேன்."

அவர் வானத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் என்றார். எந்த வாக்கியத்துக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

மார்ச் 30

சாமான்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம். என் புத்தகங்களில் பாதிக்கு இடமில்லை. அலமாரியோடு அங்கேயே விட்டுவிட்டேன். அவர் படிப்பாரோ என்னவோ.

ஏப்ரல் 3

சோறு கொண்டுபோவது என் வேலை. காலையில் நூலகத்துக்குப் போகும் வழியில் ஒரு தூக்குச்சட்டி, மாலையில் ஒரு தூக்கு. இன்று சாளைமீன் குழம்பு. உப்பு ஒரு கல் தூக்கல் என்றார்.

ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "எனக்கென்னம்மா வேணும். நான் ஒண்ணுமே செய்யல. எல்லாம் அவர் கிருபை" என்றார்.

அதன் முதல் பாதியில் எனக்கு அவரோடு கருத்து வேற்றுமை இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

திருவிருந்து. அவர் தடியை ஊன்றி ஊன்றிப் போய், மண்டியிட முடியாமல் நின்றபடியே வாங்கினார். கண்ணீர் ஒழுகியது. பொய்க் கண்ணீர் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா பெஞ்சில் இருந்தாள்.

இப்போது ஊரே அவளைக் கல்நெஞ்சுக்காரி என்கிறது. தெய்வமே மன்னிச்சதை இவ மன்னிக்க மாட்டாளாமா என்று கோவில் வாசலில், என் காதுபடவே.

ஏப்ரல் 9

கட்டு நனைந்து ஒழுகியிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் வாரம் ஒரு நாள்தான் வருகிறாளாம். தினமும் மாற்ற வேண்டிய கட்டு. மருந்துக்கடையில் பஞ்சு, சலைன், களிம்பு, காஸ் துணி வாங்கினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

பாதத்தின் ஓரத்தில் ஒரு குழி. மெதுவாகத் துடைத்தேன். அவருக்கு அங்கே உணர்ச்சியே இல்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டேன். கட்டும்போது அவர் கோலியாத் கதையைத் தானாகச் சொல்லத் தொடங்கினார். தாவீது ஆற்றில் கல் பொறுக்கும் இடத்தில் நிறுத்தினார். நான் சிறுமியாக இருந்தபோதும் அங்கேதான் நிறுத்துவார். நான் அடுத்து என்ன என்று கேட்கும்வரை சொல்ல மாட்டார்.

கேட்டேன்.

ஏப்ரல் 12

அப்பாவின் புண் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. நர்ஸே சொன்னாளாம். மூன்று நாளாக வாடையும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் கட்டிலுக்கு வந்திருந்தது. தலையணைக்கு உயரம் போதவில்லை என்று கீழே வைத்திருக்கிறார். பரவாயில்லை.

நூலகத்தில் இன்று பழைய இதழ்களைத் தூசி தட்டினோம். எனக்கே ஆச்சரியமாக, பாடிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

பவனிக்குப் பிறகு அவரை மறுபடியும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இந்த முறை புண் ஆறுவதைப் பற்றி.

"டாக்டரு காலை எடுக்கணும்னாரு. கர்த்தரு வேண்டாம்னாரு. ஒரு சகோதரியை அனுப்புனாரு. தினமும் ஒரு சகோதரி வந்து கட்டுப் போட்டுட்டுப் போறா. அவ கையில்ல அது, அவரு கை."

ஒரு சகோதரி.

நான் மூன்றாம் பெஞ்சில், குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். புன்னகையோடு.

ஏப்ரல் 16

சோற்றை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். கல்லூரியில் ஆண்டுக் கணக்கெடுப்பு, நேரமில்லை. நர்ஸ் வியாழக்கிழமை வருவாள்.

பெரிய வெள்ளிக்கான குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

கோவில் நிறைந்து, வெளியே பந்தலிலும் ஆட்கள். அவர் முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில். அம்மா உள்ளே இல்லை. ஆராதனை முடிந்ததும் ஊருக்கெல்லாம் கொடுக்கிற கஞ்சியைக் கோவில் பின்பக்கம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும்.

நான் பேசியதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நாளைக்கே வேறு மாதிரிச் சொல்வார்கள்.

இந்தக் கள்ளன் ஒரு நல்ல காரியமும் செய்யாமல் பரதீசுக்குப் போனான் என்று நாம் சந்தோஷப்படுகிறோம் என்றேன். கையில் ஆணி அடித்திருந்தது, அவனால் செய்ய முடியாது. அவனுக்கு மிச்சமிருந்தது ஒரு சாயங்காலம். அதனால் அவனுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஆனால் அவனை உயிரோடு இறக்கியிருந்தால்? காயத்துக்குக் கட்டுப் போட்டு, வீட்டில் உட்காரவைத்து, இரண்டு வேளையும் சோறு அனுப்பியிருந்தால்? அந்தக் கள்ளனைப் பற்றி வேதத்தில் எதுவும் இல்லை. கள்ளனுக்கு ஒரு மனைவி இருந்திருப்பாள். அவன் திருடப்போன வருஷங்களில் அவள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது? பிள்ளை செத்த அன்று அவள் யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்? அவன் பரதீசுக்குப் போய்விட்டான் என்று யாராவது அவளிடம் போய்ச் சொன்னபோது அவளும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் அவள் கல்நெஞ்சுக்காரியா?

யாரும் இருமக்கூட இல்லை. அவ்வளவு அமைதியை ஒரு மனுஷியின் வாய் உண்டாக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் கண்களை மூடியிருந்தார். லீலாவதி டீச்சர் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மூன்றாம் வார்த்தைக்கு முன்னால் ஐயர் ஜெபம் பண்ணினார், சற்று அவசரமாக.

முடிந்ததும் பின்பக்கம் ஓடினேன். அம்மா அண்டாவின் பக்கத்தில் நின்று வரிசையில் வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பலர் வழக்கம்போல் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, டம்ளரை மட்டும் நீட்டினார்கள். வரிசை தீரும்வரை காத்திருந்தேன். என்னைப் பெருமையாகப் பார்ப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"என்னைக் கேட்டியாட்டி?" என்றாள்.

"உனக்காகத்தானேம்மா..."

"எங்கதையை அவரும் என்னைக் கேக்காமச் சொன்னாரு. நீயும் கேக்காமச் சொல்லிட்ட."

கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். ஆறியிருந்தது.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி. சோற்றை அம்மாவே கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 27

இந்த வாரம் முழுக்க அம்மாதான் கொண்டுபோனாள். கணக்கெடுப்பு இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டதென்றும் சொல்லலாம். பஞ்சும் களிம்பும் என் பைக்குள் இருக்கின்றன. இந்த வெயிலில் களிம்பு உருகி, அட்டைப்பெட்டி எண்ணெயாகிவிட்டது.

மே 5, ஞாயிறு

அவர் கோவிலுக்கு வரவில்லை. கால் வீங்கியிருக்கிறதாம். சபையார் விசேஷ ஜெபம் பண்ணினார்கள். புண்ணுக்கு யார் கட்டுப் போடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 4

கோடை விடுமுறை முடிந்து நேற்று போர்டிங் திறந்தது. புதுச் சமையல்காரி வந்துவிட்டாள். கணவனைப் பிரிந்து வாழ்கிறவர் வளரும் பெண்பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருக்க முடியாது என்று கமிட்டி முடிவு செய்ததாக ஐயர் எங்கள் அறை வாசலில் நின்று சொன்னார். தானும் எவ்வளவோ பேசிப் பார்த்ததாகச் சொன்னார். பெரிய வெள்ளியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கமிட்டிக்கு எப்போதுமே அம்மாவைப் பிடிக்காது.

அம்மா அவரிடம், சாப்பிட்டாச்சா ஐயா என்றாள்.

செப்டம்பர் 1

நெடுநாளாக எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதி முடித்துவிடுகிறேன்.

போர்டிங் அறையையும் காலி செய்ய வேண்டியிருந்ததால் ஜூனில் பாளையங்கோட்டையில் வாடகைக்கு ஓர் அறை பார்த்தோம். நான் பேருந்தில் ஊரிலுள்ள கல்லூரிக்குப் போய் வருகிறேன். அம்மா ஒரு மெஸ்ஸில் காலை வேலை செய்கிறாள். ஊரில் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் பெண்கள் ஐக்கியம் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டது. ஜூலைக்குள் அந்த முறை நின்றுவிட்டது. ஐயர் தயங்கித் தயங்கி அம்மாவுக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து காலை முதல் பேருந்தின் கண்டக்டரிடம் அம்மா தூக்கைக் கொடுத்துவிடுகிறாள். அடுத்த பேருந்தில் அதே ஊருக்குப் போகிறவள் நான். கொடு என்று நான் கேட்டதில்லை, கொண்டுபோ என்று அவளும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.